கௌஸ் பாய் ஆற்றிய மாவு

அக்கா இராஜம்மாவுக்குத் தம்புசாமி கொடுக்க வேண்டியது ஆறாயிரத்து நானூற்று எழுபது வெள்ளி. பதினோரு வருசமாக அது ஒரு வெள்ளி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கேட்டிருந்தாலாவது ஒரு சண்டை போட்டு, நாலு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, பாதியையாவது கட்டித் தொலைத்திருப்பான். அவள் கேட்கவே இல்லை. அதனால் அது அவன் நெஞ்சில் வெந்நீர்க் கொப்புளம்போல உடையாமலே இருந்தது.

கிள்ளானில் வாடகை பாக்கிக்காக வீட்டுக்காரன் சாமான்களைக் கடை வரிசைக்கு முன்னால் ஐந்தடி நடைபாதையில் இறக்கி வைத்த வருசம் அது. செய்தி கேட்டு பிரிக்பீல்ட்ஸிலிருந்து ரயிலேறி வந்த அக்கா, தலைகீழாகக் கிடந்த மெத்தையைப் பார்த்தாள். கைக்குழந்தையோடு நின்ற தம்பி பெண்டாட்டி தாமரையைப் பார்த்தாள். அப்படியே திரும்பிப் போனவள், சாயங்காலம் பணத்தோடு வந்தாள். கையில் வளையல் இல்லை. அந்த வளையல்கள் அடகுக் கடையிலேயே மூழ்கிப் போயின. இராஜம்மா ரவிக்கை தைக்கிறவள். அவள் கை எப்போதும் துணிக்கு மேலேதான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை அவளுடைய தையல் கடைக்கு அவன் போய் உட்காரும்போதெல்லாம் அந்த வெறுங்கைதான் தம்புசாமியின் கண்ணில் முதலில் படும்.

போன வருசம் அவளுடைய இரண்டு கிட்னியும் போய்விட்டன. வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ் மெஷினில் இரத்தம் கழுவிக்கொண்டாள். புருசன் செத்துப் பல வருசமாகிறது, பிள்ளையும் இல்லை. பெரிய ஆஸ்பத்திரி டாக்டர், "குடும்பத்துல யாராச்சும் இருக்காங்களா?" என்று பொதுவாகத்தான் கேட்டார். இராஜம்மா தலையை ஆட்டி "யாரும் இல்ல" என்று சொல்வதற்குள் தம்புசாமியின் வாய் முந்திக்கொண்டது.

"என்னோடத எடுத்துக்குங்க டாக்டர்."

யாரும் அவனைக் கேட்கவில்லை. அக்காவின் கையில் ஊசி குத்திக் குத்தி வீங்கிப்போன நரம்பையும், அதற்குக் கீழே வளையல் இல்லாத மணிக்கட்டையும் பார்த்துக்கொண்டிருந்தான். வாயிலிருந்து வந்துவிட்டது. இராஜம்மா அவனைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையைப் பார்த்த பிறகு, சொன்னதை விழுங்க அவனுக்குத் தைரியம் இல்லை.

இரத்தம் பொருந்தியது. மற்றதும் பொருந்தியது. உடம்பு எடை மட்டும் பொருந்தவில்லை. தொண்ணூற்று நாலு கிலோ இருந்தான்.

"எண்பத்திரண்டுக்கு வாங்க, அப்புறம்தான் அடுத்த டெஸ்ட்டு," என்றார் டாக்டர்.

மலர்விழி என்ற டயட்டிஷன் பெண் அவனை உட்கார வைத்துப் பேசினாள். சின்ன வயசுதான் இருக்கும். "அங்கிள், காலையில ஒரு ஷேக், ராத்திரிக்கு ஒரு ஷேக். மத்தியானம் சோறு இவ்ளோதான்," என்று கைக்குள் அடங்குகிற மாதிரி காட்டினாள். "காய் நெறைய சாப்பிடுங்க. மாசம் மூணு கிலோ கொறஞ்சா போதும். அவசரம் வேணாம்."

புரோட்டீன் மாவு டின் விலையைக் கேட்டதும் அவனுக்கு மயக்கம் வந்தது. லோரியில் கெலிண்டானாக, டிரைவருக்குக் கையாளாக, அரிசி மூட்டை ஏற்றி இறக்குகிறவனுக்கு அந்த விலையில் ஒரு வார மளிகை வரும். இராஜம்மாதான் வாங்கினாள். தைத்த காசில் டின் டின்னாக வாங்கிக் கொடுத்தாள். "எனக்காகத்தானேடா குடிக்கிற, நீ எதுக்குக் காசு குடுக்கணும்," என்றாள். குடித்து முடித்த டின்னை அவன் திருப்பிக் கொண்டுவந்து கொடுப்பான். குடித்துவிட்டேன் என்பதற்கு அதுதான் சாட்சி. அவள் அதைக் கழுவிக் காயவைத்து, பித்தானும் ஊக்கும் போட்டு வைத்துக்கொள்வாள். தையல் மெஷினுக்குப் பக்கத்தில் காலி டின்கள் வரிசையாக ஏறிக்கொண்டு போயின.

தப்பு முதலில் தெரியாமல்தான் நடந்தது.

விடியற்காலையில் லோரி கிளம்புவதற்கு முன்னால் டிரைவர் ராஜனும் அவனும் கௌஸ் பாய் டீக்கடையில்தான் பசியாறுவார்கள். முதல் நாள் தம்புசாமி மாவைப் பச்சைத் தண்ணீரில் கலக்கி ஒரு வாய் குடித்தான். சுண்ணாம்பு அடித்த சுவரை நக்கின மாதிரி இருந்தது. முகம் போன போக்கைப் பார்த்து ராஜன் சிரித்தான்.

"என்ன அண்ணே, சிமெண்டு கலவையா? அப்படியே அசையாம நில்லுங்க, இறுகிடப் போகுது."

கௌஸ் பாய்க்கு மனசு கேட்கவில்லை. டீ ஆற்றியே தோள் இறங்கிப்போனவர் அவர். தம் கடையில் ஒருத்தன் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடிப்பதை அவரால் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது.

"இத மனுசன் குடிப்பானா? இங்க குடுங்கண்ணே." வாங்கிக் கீழே ஊற்றிவிட்டு, மாவைச் சுடுதண்ணீரில் கரைத்தார். டின் பால் மூன்று கரண்டி போட்டார். இரண்டு குவளையையும் கையில் எடுத்து மேலும் கீழுமாக ஒரு ஆளுயரத்துக்கு ஆற்றினார். நுரை பொங்கிக்கொண்டு நின்றது. குடித்துப் பார்த்தால், அடடா, தொண்டையில் இறங்குவதே தெரியவில்லை.

அன்றிலிருந்து மாவு டின் கடையிலேயே மைலோ டின்னுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. ராத்திரி ஷேக்கையும் சாயங்காலம் லோரி திரும்பும்போது அங்கேயே முடித்துக்கொள்வான். நாளடைவில் வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாம் "பாய், எனக்கும் அந்தத் தம்புசாமி தண்ணி ஒண்ணு" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அதோடு, குடிக்கிறது தண்ணிதான், சாப்பாடு ஆகாது என்பது அவன் நினைப்பு. மருந்து குடித்தவன் சோறு தின்னாமலா இருக்கிறான்? எனவே ஷேக் குடித்த கையோடு வழக்கம்போல எண்ணெய் மினுங்கும் பரோட்டாபோல இரண்டு ரோட்டி சானாய்.

வீட்டில் தாமரை காயை வேகவைத்து உப்புக் குறைத்துப் போட்டாள். அவன் ஒருத்தன் அதைத் தின்னும்போது தான் மட்டும் மீன் குழம்பு ஊற்றிக்கொள்ள அவளுக்கு மனசு வரவில்லை. அவளும் அதையே தின்றாள். ஆறு வாரத்தில் எடை குறைந்தது தாமரைக்குத்தான்.

அவனுக்கு ஒன்றரை கிலோ ஏறியிருந்தது.

மலர்விழி தராசை ஒரு தடவை தட்டிப் பார்த்தாள். பிறகு அவனை உட்கார வைத்து, காலையிலிருந்து என்னென்ன உள்ளே போகிறது என்று கேட்டாள். அவனும் ஒளிக்காமல் சொன்னான். டின் பாலைப் பற்றியும் பெருமையாகவே சொன்னான். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்டாள்.

"அங்கிள், அது சாப்பாட்டுக்குப் பதிலா குடிக்கறது. சாப்பாட்டோட இல்ல. டின் பால் பாதிக்கு மேல சீனி. தண்ணியில கலக்குங்க, இல்லன்னா கொழுப்பு நீக்கின பால்ல. ரொம்பப் பசிச்சா ஒரு அவிச்ச முட்ட. தெரியாம செஞ்சிட்டீங்க, பரவால்ல. இனிமே கொறஞ்சிரும்."

"சரிம்மா," என்றான்.

சென்ட்ரல் நிலையத்தில் கிள்ளான் ரயிலேறி உட்கார்ந்த பிறகுதான் அவனுக்கு அது உறைத்தது. தராசில் முள் ஏறி நின்றபோது அவன் நெஞ்சில் என்ன நடந்தது? வருத்தம் வரவில்லை. நெஞ்சு லேசாகியிருந்தது. தலைச்சுமையை இன்னும் கொஞ்ச தூரத்துக்கு வேறு யாரோ வாங்கிக்கொண்ட மாதிரி இருந்தது. கத்தி இன்னும் தள்ளிப் போய்விட்டது என்று உடம்பு தானாக மூச்சு விட்டிருந்தது. அதை நினைத்ததும், யாரோ பார்த்துவிட்ட மாதிரி ரயில் சன்னலுக்கு வெளியே முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மறுநாள் விடியற்காலை கௌஸ் பாய் குவளையைக் கையில் எடுத்துக்கொண்டே கேட்டார். "டாக்டர் என்ன சொன்னாங்க அண்ணே?"

ஒரு வார்த்தைதான். 'கோசோங்' என்று சொல்லியிருந்தால், சீனியும் இல்லாமல் பாலும் இல்லாமல் வெறுமனே கலக்கித் தந்திருப்பார். வேலை முடிந்திருக்கும். தம்புசாமி மேசையில் ஒட்டியிருந்த சீனியை நகத்தால் சுரண்டினான்.

"பால் நல்லதுதானாம் பாய். எப்பவும் போலயே போடுங்க."

"பாத்தீங்களா, நான் அப்பவே சொல்லல?" பாயின் முகம் மலர்ந்தது. அன்றைக்கு நுரை ஒரு விரல் கூடவே நின்றது.

அதற்குப் பிறகு நடந்தது எதுவும் தெரியாமல் நடந்ததில்லை. முதல் மாசம் குடித்த அதே தண்ணீர்தான்; ஆனால் இப்போது ஒவ்வொரு மடக்கும் தொண்டையில் நின்று யோசித்துவிட்டு இறங்கியது. ரோட்டியைப் பிய்க்கும்போது அக்காவின் வறண்ட உதடு ஞாபகம் வரும். அவள் தண்ணீர்கூட அளந்து குடிக்கிறவள். தாகமெடுத்தால் ஒரு ஐஸ் கட்டியை வாயில் போட்டு ஒதுக்கிக்கொண்டு மெஷினை மிதிப்பாள். ரோட்டியைப் பாதியில் வைத்துவிடுவான். பிறகு அதையும் எடுத்துத் தின்பான்.

அவனுக்கும் நியாயங்கள் இருந்தன. முதுகும் இடுப்பும்தான் அவனுக்குச் சோறு போடுவது. குடலிறக்க ஆப்பரேஷன் செய்துகொண்ட பழனியப்பனை, "நீ சாப்பிட்டுத் தூங்கு லா" என்று முதலாளி ஒரே வார்த்தையில் வேலையை விட்டு அனுப்பியதை அவன் கண்ணால் பார்த்தவன். ஒரு கிட்னியோடு ஒருத்தன் மூட்டை தூக்குவதை எந்த முதலாளி ஒத்துக்கொள்வான்? இப்படியெல்லாம் லோரியில் உட்கார்ந்து தனக்குத்தானே வாதாடுவான். வாதத்தில் ஜெயிக்கவும் செய்வான். ஜெயித்த பிறகும் நெஞ்சு குறுகுறுக்கும். ஏனென்றால் இதையெல்லாம் ஒரு நாளாவது டாக்டரிடம் கேட்டிருக்கலாம், அக்காவிடம் வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். அவன் சொல்லவில்லை. கொடுக்கிறேன் என்ற பேரும் வேண்டும், கொடுக்காமலும் இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் டின் பால் நல்ல துணையாக இருந்தது.

"ஏன்டா கொறைய மாட்டேங்குது?" என்று இராஜம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டாள்.

"என் உடம்பு வாகு அப்படிக்கா. அப்பாவுக்கும் இப்படித்தானே," என்றான்.

அவள் அடுத்த டின்னை எடுத்து அவன் பக்கம் தள்ளினாள். அன்றைக்கு அவனுக்கு ஒரு காற்சட்டைத் துணியையும் காட்டினாள். நல்ல கறுப்புத் துணி. "நீ எண்பத்திரண்டுக்கு வந்ததும் போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு வரணும். அந்த அளவுக்கே தெச்சு வெக்கப்போறேன்," என்றாள். அவன் தலையை ஆட்டினான்.

பொங்கல் கழிந்து ஒரு சாயங்காலம். செமினியில் சரக்கு இறக்கிவிட்டு லோரி கிள்ளானுக்குத் திரும்பியது. ராஜனும் தம்புசாமியும் கடைக்குள் நுழைந்தார்கள். காற்றாடிக்குக் கீழே, கல்யாண ரவிக்கைப் பையை மடியில் வைத்துக்கொண்டு இராஜம்மா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் புது மாவு டின். அவளுக்கு முன்னால் ஒரு கண்ணாடிக் குவளை. நுரையோடு.

"வாங்கண்ணே," என்றார் கௌஸ் பாய், கல்யாண வீட்டுக்காரர் மாதிரி. "அக்கா ரவிக்க குடுக்க இந்தப் பக்கம் வந்தாங்களாம். தம்பி என்ன குடிக்குதுன்னு கேட்டாங்க. ஒரு கிளாஸ் ஆத்திக் குடுத்தேன். காசு வேணாம்னு சொல்லிட்டேன்."

குவளையில் ஒரே ஒரு வாய்தான் குறைந்திருந்தது. அவளால் அதற்கு மேல் குடிக்க முடியாது, குடிக்கவும் கூடாது.

"நல்லா இருக்கு பாய்," என்றாள் இராஜம்மா. "பாயசமே தோத்துச்சு போங்க."

"டின் பால் மூணு கரண்டிக்கா. அதுதான் பக்குவம். டாக்டரே பால் நல்லதுன்னு சொன்னாங்களாமே."

"அப்படியா சொன்னாங்க?" கேட்டது பாயிடம், பார்த்தது தம்பியை.

ராஜனுக்கு ஒன்றும் தெரியாது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். "அக்கா, இத குடிச்சிட்டு மேல ரெண்டு ரோட்டியும் உள்ள தள்ளுவாரு ஒங்க தம்பி. டயட்டுல இருக்கற ஆளுங்க எல்லாம் மூஞ்ச உம்முனு வெச்சிருப்பாங்க. இவரு மாதிரி சந்தோசமா டயட்டு இருக்கற ஆள நான் பாத்ததே இல்ல லா."

பாய் சிரித்தார். இராஜம்மாவும் சிரித்தாள். மூட்டை தூக்கிப் பழகிய தம்புசாமியின் கை, எங்கே வைப்பது என்று தெரியாமல் தொங்கியது.

ரயில் நிலையம் வரைக்கும் அவளோடு நடந்தான். பையை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினான், அவள் கொடுக்கவில்லை. நாலு கடை தாண்டி, மூச்சு வாங்கி ஒரு தூணில் சாய்ந்து நின்றாள்.

"அந்த டயட்டிஷன் பிள்ள ஒங்கிட்ட சொல்லலியா, இப்படிக் குடிக்கக் கூடாதுன்னு?"

"சொல்லிச்சு."

"எப்போ?"

"தீவாளிக்கு முன்னாடி."

அவள் கணக்குப் பார்த்தாள் என்பது முகத்தில் தெரிந்தது. அதற்கு அப்புறம் எத்தனை டின் வாங்கினோம் என்று பார்த்தாளோ, எத்தனை ரவிக்கை என்று பார்த்தாளோ.

"பயமாடா?"

மூட்டை, முதலாளி, பழனியப்பன் என்று லோரியில் ஜெயித்த வாதமெல்லாம் வாய் வரைக்கும் வந்தது. அக்காவின் முகத்துக்கு முன்னால் ஒன்றும் நிற்கவில்லை. "பயந்தான்க்கா," என்றான்.

"நான் கேக்கலியேடா." குரலில் கோபமே இல்லை, அதுதான் அவனை வெட்டியது. "நீயாத்தான சொன்ன. பயம்னு அன்னிக்கே சொல்லியிருந்தா, சரின்னு அடுத்த வேலயப் பாத்திருப்பேன். இத்தன மாசம் தெனம் சாமி படத்துக்கு முன்னாடி நின்னு, எந்தம்பி எட கொறையணும்னு வேண்டிக்கிட்டேன். ஆத்தா என்ன நெனச்சிருப்பா."

"நாளையிலருந்து கோசோங்காவே குடிக்கிறேன்க்கா. சத்தியமா."

"வேணாம். பயந்துக்கிட்டே குடுக்கறத உள்ள வெச்சிக்கிட்டு நான் எப்படிடா தூங்குவேன்? ஆஸ்பத்திரிக்கு நானே சொல்லிடறேன். தம்பிக்கு ஒத்துவரலன்னு சொன்னா அவங்க ஒண்ணும் கேக்க மாட்டாங்க. அங்க கிட்னிக்குக் காத்திருக்கறவங்க வரிசையில என் பேரும் எழுதி வெச்சிருக்காங்க. வர்றப்போ வரட்டும்."

ரயில் வந்தது. ஏறினாள். அவன் வெளியே நின்றான். புது மாவு டின்னை அவள் மறக்காமல் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டாள் என்பது ரயில் போன பிறகுதான் தெரிந்தது.

வீட்டுக்குப் போய்த் தாமரையிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"எனக்குத் தெரியும்," என்றாள். "ஒங்க சட்ட பூரா டின் பால் வாசன. தொவைக்கிறவளுக்குத் தெரியாதா? சொல்லணும் சொல்லணும்னு இருந்தேன். சொன்னா நீங்க கொறைச்சிடுவீங்க. கொறைஞ்சா ஒங்கள அறுத்துருவாங்க." கீரைக் காம்பைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டாள். "அவங்கதான் நம்மள தெருவுலருந்து எடுத்தவங்க. அதையும் நெனச்சேன். நெனச்சும் வாயத் தொறக்கல."

இரண்டு பேரும் அன்றைக்கு ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் சாப்பிட்டார்கள்.

லோரோங் சந்துப் பெண்களோடு சேர்ந்து தாமரை சீட்டாகக் கட்டிவந்த கூட்டுப் பணம் அந்த வாரம் அவள் முறைக்கு விழுந்தது. மகளை மேலே படிக்க வைக்க என்று வைத்திருந்தது. அவளே கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள். அக்காவின் ஆறாயிரத்து நானூற்று எழுபதுக்குக் குறைந்ததை அவன் ராஜனிடம் கைமாற்று வாங்கிப் போட்டான்.

ஞாயிற்றுக்கிழமை பிரிக்பீல்ட்ஸ். மாடிப்படிக்குக் கீழே ஒரு மெஷின், ஒரு திரை, ஒரு நாற்காலி. அதுதான் இராஜம்மாவின் கடை. மாலை கட்டுகிற கடைகளிலிருந்து மல்லிகை வாசனை வந்தது. ஐஸ் கட்டியைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு அவள் ஒரு கறுப்புக் காற்சட்டையின் இடுப்பைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அந்தக் காற்சட்டைதான்.

"உக்காரு. முடிஞ்சிரும்."

நூலை ஒவ்வொன்றாக அறுத்து எடுத்தாள். பட்டிக்குள்ளிருந்து துணி மடிப்பு மடிப்பாக வெளியே வந்தது. ஒரு விரற்கடை இல்லை, ஒரு கை அகலத்துக்கு. எண்பத்திரண்டு கிலோவுக்கு என்று தைத்ததற்குள் அவ்வளவு துணியா என்று தம்புசாமி பார்த்துக்கொண்டே இருந்தான்.

"எவ்ளோக்கா உள்ள விட்டிருக்க?"

"விடறதுதான். மனுச ஒடம்பு, எப்ப எப்படி இருக்கும்னு யார் கண்டா." கண்ணைத் தூக்காமல் சொன்னாள். "தைக்கறப்பவே தோணுச்சு. வெட்ட மனசு வரல."

நாடாவை எடுத்து அவன் இடுப்பைச் சுற்றி அளந்தாள். அவன் பழக்கத்தில் வயிற்றை உள்ளே இழுத்தான்.

"விடு. உள்ளத அளக்கறேன்," என்றாள்.

மெஷின் ஓடி நின்றது. திரைக்குப் பின்னால் போய்ப் போட்டுப் பார்த்தான். பித்தான் தானாகக் காஜாவுக்குள் வந்து விழுந்தது. மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை. இத்தனை வருசத்தில் இவ்வளவு சரியாக ஒரு காற்சட்டை அவன் இடுப்பில் உட்கார்ந்ததில்லை.

வெளியே வந்து சட்டைப் பையிலிருந்து பணத்தை எடுத்து மெஷின் மேல் வைத்தான். வைக்கும்போதே அவனுக்குத் தெரியும், அவள் தள்ளிவிடுவாள். என்னடா இது, எடுத்துட்டுப் போடா என்று ஏசுவாள். ஏசினால் அழுதுவிடலாம். அழுதால், கிட்னியை எடுத்துக்கொள்ளச் சொல்லி இன்னொரு தடவை கேட்டுப் பார்க்கலாம். வருகிற வழியெல்லாம் ரயிலில் அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தான்.

இராஜம்மா கையைத் துணியில் துடைத்துக்கொண்டு பணத்தை எடுத்தாள். விரலை நாக்கில் தொடாமல், பக்கத்தில் உருகிக் கிடந்த ஐஸ் தண்ணீரில் தொட்டு, ஒரு நோட்டையும் விடாமல் எண்ணினாள். கடைசியில் எழுபது வெள்ளியையும் தனியாக எடுத்து எண்ணினாள்.

"சரியா இருக்கு, தம்பி," என்றாள்.

வரிசையில் இருந்த மாவு டின் ஒன்றைத் திறந்து, ஊக்குகளை ஒரு பக்கமாக ஒதுக்கிப் பணத்தை உள்ளே வைத்து மூடினாள். மூடியை உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினாள். பிறகு அடுத்த ரவிக்கையை எடுத்து, கழுத்துப் பக்கத்தை ஊசிக்குக் கீழே கொண்டுபோனாள்.